பழைய மடிக்கணினியில் வின்டோஸோடு லினக்ஸ் மின்ட்: மூன்று நாள் பட்ட பாடு

எங்கள் வீடு மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமானில். எனக்குத் தோட்டத்து ஆபீஸில் கிராணி வேலை. கணினிக்கும் எனக்கும் உள்ள உறவு சம்பளக் கணக்கு அடிப்பதோடு சரி. வீட்டில் 2013-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று இருக்கிறது, மூன்றாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம். 2025 அக்டோபர் 14-ஓடு வின்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு முடிந்தது. பெயர் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், அதற்குமேல் இல்லை. வின்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டுமாம். ஈப்போவில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தம்பி மூடியைக்கூடத் திறக்கவில்லை. "இது மாட்டாது லா அங்கிள், புதுசு வாங்கிருங்க" என்றார்.

புதிது வாங்கக் காசில்லை. வின்டோஸை அடியோடு அழிக்கவும் முடியாது, ஏனென்றால் நான் பகுதி நேரமாக ஒரு கடைக்குக் கணக்கு எழுதும் மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும். அதனால் இரண்டையும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்: கணக்குக்கு வின்டோஸ், அதுவும் இணையம் இல்லாமல். மகளின் பள்ளி வேலை, மின்னஞ்சல், வங்கி எல்லாம் லினக்ஸ் மின்ட்டில், அது வின்டோஸ் போலவே கணினியை இயக்கும் ஓர் இலவச இயங்குதளம். காணொளிகளில் பதினைந்து நிமிட வேலை என்கிறார்கள். எனக்கு மூன்று நாள் ஆனது. இன்ஸ்டால் என்ற பொத்தானை அழுத்திய பிறகு எனக்குப் பெரிய தொல்லை ஒன்றும் வரவில்லை, தொல்லை எல்லாம் அதற்கு முன்னால் நான் பார்க்காமல் விட்டவற்றால் வந்தது. அதனால் இந்தக் கட்டுரையிலும் முன்வேலைதான் அதிகம்.

1. முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

கணினியைத் தொடும் முன் ஒரு தாள் எடுத்து எழுதுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும், வீட்டு வைஃபை கடவுச்சொல். கணினியின் அடியில் வின்டோஸ் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எழுத்து தேய்ந்து போவதற்குள் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் என்று தேடிப் பாருங்கள், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி அது. பழைய கணினிகளில் பெரும்பாலும் அது இருக்காது, ஆனால் அலுவலகத்திலிருந்து கைமாறி வந்த கணினி என்றால் இருக்கலாம். இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைக்காமல் ஓர் அடிகூட நகராதீர்கள்.

அப்புறம் கோப்புகள். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், வீட்டுப் பத்திரம், பிள்ளையின் எஸ்பிஎம் சான்றிதழ், இவற்றின் ஸ்கேன் பிரதிகள் பெரும்பாலும் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும், நாமும் மறந்துவிடுவோம். எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டி, நாலைந்து கோப்பைத் திறந்து பாருங்கள். நகல் எடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வது வேறு, எடுத்த நகல் திறக்கிறதா என்று பார்ப்பது வேறு. இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ததால்தான் நான் தப்பித்தேன், அது மூன்றாவது படியில் வருகிறது.

2. செலவு, நேரம்

எனக்கு ஆன செலவு: 16 ஜிபி பென்டிரைவ் 18 வெள்ளி (ரிங்கிட்), 240 ஜிபி எஸ்எஸ்டி 89 வெள்ளி, கைமாறிய 4 ஜிபி ரேம் 35 வெள்ளி, கடிகார பேட்டரி 5 வெள்ளி, என் புத்தியால் கடையில் வின்டோஸ் மறுபடி போட்டதற்கு 60 வெள்ளி. மொத்தம் 207. இதில் கட்டாயம் வேண்டியது பென்டிரைவ் மட்டும்தான். ஆனால் உங்கள் கணினியில் இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால், வேறு எதற்கும் செலவு செய்யாவிட்டாலும் எஸ்எஸ்டிக்குச் செய்யுங்கள், கணினி புதிதானது போல் இருக்கும். ரேம் வாங்கும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள், டிடிஆர்3-இலேயே இரண்டு வகை உண்டு, வாயால் சொல்லி வாங்கினால் தவறாக வரும்.

நேரத்துக்கு ஒரு சனிக்கிழமையை முழுதாக ஒதுக்குங்கள், காலையிலேயே தொடங்குங்கள். நம் ஊரில் மூன்று நான்கு மணிக்கு மேல் இடி மழை வந்தால் கரண்ட் போகும். பழைய மடிக்கணினியில் பேட்டரி செத்திருக்கும், டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாக, அதாவது தனித்தனிப் பகுதிகளாக, வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க்கில் உள்ளது எல்லாம் போய்விடலாம். என் சார்ஜர் முனை தளர்ந்து போய் ஆடும், தொட்டாலே துண்டிக்கும். ரப்பர் பேண்டை நான்கு சுற்று சுற்றி, மேசையின் அந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்தேன்.

3. மூன்றைப் பாருங்கள், பிறகு தொடுங்கள்

இந்தப் படியை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

முதலாவது, டிஸ்க்கின் உடல்நிலை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீலமாக 'குட்' என்றால் சரி. மஞ்சளாக 'காஷன்' என்றால் அந்த டிஸ்க்கில் வேலை செய்யாதீர்கள், மாற்றுங்கள். என்னுடையது மஞ்சள். நான் அதைப் பார்த்ததே எல்லாம் கெட்ட பிறகு.

இரண்டாவது, வின்டோஸ் எந்த முறையில் போடப்பட்டிருக்கிறது என்பது. தேடல் பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தட்டித் திறந்தால் வலப்பக்கப் பட்டியலில் 'பயாஸ் மோட்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு நேரே 'லெகசி' என்றோ 'யூஇஎஃப்ஐ' என்றோ போட்டிருக்கும். கணினி எழும் இரண்டு முறைகள் இவை, லெகசி பழையது, யூஇஎஃப்ஐ புதியது. தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். லினக்ஸையும் அதே முறையில்தான் போட வேண்டும். ஒன்று லெகசியிலும் மற்றது யூஇஎஃப்ஐயிலும் இருந்தால் கணினி எழும்போது எது வேண்டும் என்று கேட்கும் தேர்வுப் பட்டியலில் இரண்டும் சேர்ந்து வராது.

மூன்றாவது, பார்ட்டிஷன் எண்ணிக்கை. ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து எண்ணுங்கள். லெகசி முறைக் கணினிகளின் டிஸ்க் பெரும்பாலும் எம்பிஆர் வகை, அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியாது. 2010-களில் வந்த கணினிகளில் கடையிலிருந்து வரும்போதே சிஸ்டம் ரிசர்வ்ட், சி, டி, ரிக்கவரி என்று நான்கும் நிரம்பியிருக்கும்.

என் கணினியிலும் நான்கு இருந்தன. நான் சி-யைச் சுருக்கி, கிடைத்த காலி இடத்தில் புதிதாக ஒன்று உருவாக்கச் சொன்னேன். வின்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டியது, நீளமான ஆங்கிலம், கீழே யெஸ், நோ. படிக்காமல் யெஸ் அழுத்தினேன். டிஸ்க்கை 'டைனமிக்' வகையாக மாற்றட்டுமா என்று கேட்டிருக்கிறது. மாற்றிவிட்டது. லினக்ஸ் இன்ஸ்டாலர் அந்த வகைக்குள் இடம் பிடிக்காது, திரும்பப் 'பேசிக்' ஆக்க வின்டோஸின் சொந்தக் கருவியில் உள்ள ஒரே வழி எல்லாப் பார்ட்டிஷனையும் அழிப்பது. மறுநாள் மறுபடி ஈப்போ. டிஸ்க்கும் சாகக் கிடந்ததால் எஸ்எஸ்டி வாங்கி அதில் வின்டோஸ் போட்டுக்கொண்டு வந்தேன். நகலெடுத்த கோப்புகள் பத்திரமாக இருந்தன.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: நான்கும் நிரம்பியிருந்தால் டி-யில் உள்ளதை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு டி-யை மட்டும் நீக்குங்கள். அந்தக் காலி இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள், வின்டோஸுக்குள் இருந்து எதுவும் உருவாக்க வேண்டாம். ரிக்கவரியையும் சிஸ்டம் ரிசர்வ்டையும் தொடாதீர்கள். 'டைனமிக்' என்ற சொல் எங்கே வந்தாலும் நோ. டிஸ்க் ஜிபிடி வகை என்றால் இந்த நான்கு கணக்கு இல்லை, நிம்மதி.

4. இடம் ஒதுக்குதல்

டி-யை நீக்கி இடம் கிடைத்துவிட்டால் சுருக்கும் வேலை இல்லை. மற்றவர்கள் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-யின் மேல் வலது கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். மின்ட்டுக்கு 20 ஜிபி போதும் என்று அவர்களே சொல்கிறார்கள், 100 இருந்தால் நல்லது. 240 ஜிபி எஸ்எஸ்டி வின்டோஸில் 223 என்றுதான் காட்டும், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம், கணக்கு முறை வேறு. நான் வின்டோஸுக்கு 120 வைத்து மீதியை விட்டேன்.

சி-யில் பாதி காலியாக இருந்தும் 5 ஜிபிதான் சுருக்க முடியும் என்று சொல்கிறதா? நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. ஹைபர்நேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்துவிட்டுச் சுருக்குங்கள். வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலையும் ரெஸ்டோரையும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

கையோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்தில் இருக்கும். அது ஓடிக்கொண்டிருந்தால் வின்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும், அந்த நிலையில் லினக்ஸ் உங்கள் சி டிரைவில் எழுத மறுக்கும்.

5. பென்டிரைவ் தயாரித்தல்

மின்ட்டின் தளத்தில் மூன்று வகை உண்டு: சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. 4 ஜிபி ரேம் என்றால் எக்ஸ்எஃப்சிஇ எடுங்கள், பார்க்க எளிமையாக இருந்தாலும் இழுக்காமல் ஓடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. இது 64 பிட் கணினிக்கு மட்டும்.

கோப்பு 3 ஜிபி அளவில் இருக்கும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இறக்கினால் நடுவில் அறுந்து, முழுதாக இறங்கியது போல் தெரிந்து, இன்ஸ்டாலின் பாதியில் புரியாத பிழை கொடுக்கும். வீட்டு இணையம் சரியில்லை என்றால் ஊரில் உள்ள நாடி என்ற அரசாங்க இணைய மையத்திலோ உறவினர் வீட்டிலோ இறக்குங்கள். இறக்கியதும் சரிபார்க்க வேண்டும். கோப்பைப் பென்டிரைவில் எழுதும் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்தில் சிறிய டிக் போல ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் எஸ்எச்ஏ256 என்று நீளமாக ஒன்றைக் காட்டும். மின்ட் தளத்தில் கொடுத்திருப்பதோடு முதல் எட்டு எழுத்தும் கடைசி எட்டு எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், வீட்டு உபயோகத்துக்கு அது போதும்.

ரூஃபஸில் பார்ட்டிஷன் வகையாக, தாளில் எழுதியது லெகசி என்றால் எம்பிஆர், யூஇஎஃப்ஐ என்றால் ஜிபிடி. பென்டிரைவில் உள்ளது எல்லாம் அழியும், உறவினர் கல்யாணப் படங்கள் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள்.

6. பென்டிரைவிலிருந்து எழுப்புதல்

கணினியை முழுதாக அணைத்து, பென்டிரைவைச் செருகி, பவர் அழுத்திய உடனே, எதிலிருந்து எழுவது என்று கேட்கும் பூட் மெனுவின் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஏசர், டெல், தோஷிபா, பல லெனோவோ கணினிகளில் எஃப்12. எச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஏசூஸ் மடிக்கணினியில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்யவில்லை என்றால் எஃப்2-இல் பயாஸ் என்ற கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு' என்பதை எனேபிள் செய்ய வேண்டும், பல மாடல்களில் அது அணைத்தே வரும்.

இங்கேதான் என் இரண்டாவது நாள் போனது. பூட் மெனுவில் பென்டிரைவின் பெயர் இரண்டு முறை வரலாம். ஒன்றுக்கு முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும், இன்னொன்றில் வெறும் பெயர். இரண்டும் ஒரே பென்டிரைவ்தானே என்று மேலே இருந்ததை, அதாவது யூஇஎஃப்ஐ உள்ளதை, அழுத்திவிட்டேன். கடையில் போட்டுக் கொடுத்த வின்டோஸ் லெகசி. மின்ட் ஒரு குறையும் இல்லாமல் ஏறியது, ரீஸ்டார்ட் செய்தால் வின்டோஸ் மட்டும் வருகிறது, மின்ட் எங்கே என்றே தெரியவில்லை. ராத்திரி பதினொன்றரை வரை தேடிவிட்டுப் படுத்தேன். உங்கள் தாளில் லெகசி என்றால் வெறும் பெயர் உள்ளதை எடுங்கள், யூஇஎஃப்ஐ என்றால் அந்தச் சொல் உள்ளதை.

யூஇஎஃப்ஐ கணினிகளில் செக்யூர் பூட் இருக்கும், அங்கீகாரம் இல்லாத மென்பொருள் எழும்போதே தடுக்கும் பூட்டு அது. மின்ட் அதோடும் ஓடும், ஆனால் பின்னால் வைஃபை டிரைவர் போடும்போது ஒரு சுற்று கூடுதல் வேலை வைக்கும். நான் என்றால் அணைத்துவிடுவேன்.

7. கறுப்புத் திரை வந்தால்

பென்டிரைவின் மெனுவில் 'கம்பேட்டிபிலிட்டி மோட்' என்று ஒன்று இருக்கும், அதில் ஏறுங்கள். என்விடியா கார்டு உள்ள பழைய கணினிகளில் இது அடிக்கடி வரும். இன்ஸ்டால் முடிந்த பிறகும் கறுப்பாகவே இருந்தால், தேர்வுப் பட்டியலில் மின்ட்டின் மேல் நின்று 'ஈ' எழுத்தை அழுத்தி, 'குவையட் ஸ்பிளாஷ்' என்ற சொற்களுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு ஆங்கிலத்தில் 'nomodeset' என்று ஒரே சொல்லாகத் தட்டி எஃப்10. உள்ளே போனதும் டிரைவர் மேனேஜரில் கார்டுக்கு உரிய டிரைவரைப் போட்டால் அடுத்த முறை இந்தச் சடங்கு வேண்டாம்.

8. இன்ஸ்டால்

மின்ட் பென்டிரைவிலிருந்து ஏறியதும் உடனே இன்ஸ்டால் அழுத்தாதீர்கள். பத்து நிமிடம் சுற்றிப் பாருங்கள்: ஒலி வருகிறதா, வைஃபை பட்டியல் தெரிகிறதா, டச்பேட் நகர்கிறதா. இதுவரை டிஸ்க்கில் எதுவும் எழுதப்படவில்லை, பிடிக்காவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுப் போய்விடலாம்.

இன்ஸ்டாலரில் எங்கே போடுவது என்று கேட்கும் பக்கம் வரும். வின்டோஸுக்குப் பக்கத்தில் போடு என்ற 'அலாங்சைட்' தேர்வு இருந்தால் அதை எடுங்கள், முடிந்தது. அது காணவில்லை, 'இரேஸ் டிஸ்க்' மட்டும் மேலே நிற்கிறது என்றால் கையை எடுங்கள். முறை மாறிப் பூட் ஆகியிருக்கும், அல்லது நான்கு பார்ட்டிஷன் நிரம்பியிருக்கும், அல்லது டிஸ்க் டைனமிக். மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.

இடத்தைக் காலியாக விட்டவர்கள் 'சம்திங் எல்ஸ்' எடுத்து, 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்ற வரியின் மேல் நின்று கூட்டல் குறியை அழுத்துங்கள். வகை எக்ஸ்ட்4, மவுன்ட் பாயின்ட் ஒற்றைச் சாய்கோடு, எம்பிஆர் டிஸ்க் என்றால் 'லாஜிக்கல்'. யூஇஎஃப்ஐக்காரர்கள் இருக்கிற ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை அப்படியே விடுங்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். கீழே பூட்லோடர், அதாவது கணினி எழும்போது தேர்வுப் பட்டியலைக் காட்டும் நிரல், எங்கே என்று ஒரு பெட்டி, பலர் இதைக் கவனிப்பதில்லை. கணினியின் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள், பெரும்பாலும் எஸ்டிஏ, பின்னால் எண் இல்லாதது. 240 ஜிபி, 16 ஜிபி என்று அளவும் பக்கத்தில் போட்டிருக்கும். தவறிப் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் லெகசி கணினியில் பென்டிரைவ் செருகினால்தான் மின்ட் ஏறும், எடுத்தால் ஏறாது.

எனக்கு எஸ்எஸ்டியில் 25 நிமிடம் பிடித்தது. பசியாறிவிட்டு வந்தால் முடிந்திருக்கும்.

9. இரண்டில் ஒன்று காணவில்லை என்றால்

நேராக வின்டோஸுக்கே போகிறது: யூஇஎஃப்ஐ கணினியில் பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் 'உபுண்டு' என்பதை மேலே கொண்டுவாருங்கள். மின்ட் என்ற பெயரில் தேடாதீர்கள், அது உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது, பெயரும் அப்படித்தான் பதியும். ஏசர் சிலவற்றில் பயாஸில் சூப்பர்வைசர் கடவுச்சொல் போட்டால்தான், உபுண்டுவின் பூட் கோப்பை நம்பிக்கைக்குரியதாகச் சேர்க்கும் வரி திறக்கும். அந்தக் கடவுச்சொல்லையும் தாளில் எழுதுங்கள், மறந்தால் பெரிய வேலை.

வின்டோஸ் பட்டியலில் இல்லை, அல்லது பட்டியலே வரவில்லை: பென்டிரைவில் மறுபடி ஏறி, அதே சரியான முறையில்தான், மெனுவில் உள்ள 'பூட் ரிப்பேர்' கருவியை இணையத்தோடு ஓட்டுங்கள். பரிந்துரைக்கும் முதல் பொத்தானே போதும்.

10. வைஃபை, கடிகாரம், தமிழ்

பழைய மடிக்கணினிகள் பலவற்றில் பிராட்காம் வைஃபை சில்லு. அதற்கு டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் மாட்டி, ஹாட்ஸ்பாட் அமைப்பில் 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்கள், உடனே இணையம் வந்துவிடும். டிரைவர் மேனேஜரைத் திறந்து பிராட்காமைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட். கம்பி டேட்டா போகும் கம்பியாக இருக்க வேண்டும், பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய ஐந்து வெள்ளிக் கம்பி சார்ஜ் மட்டும் செய்தது, நான் அரை மணி நேரம் கைப்பேசியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மின்ட்டில் இருந்துவிட்டு வின்டோஸுக்குப் போனால் கடிகாரம் சரியாக 8 மணி நேரம் பின்தங்கி நிற்கும். காலை 9 மணிக்கு விடியற்காலை 1 என்று காட்டும். நம் நேரம் உலகப் பொது நேரத்தை விட 8 மணி கூடுதல், லினக்ஸ் பொது நேரத்தைக் கணினியின் கடிகாரத்தில் எழுதி வைக்கிறது, வின்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. மின்ட்டில் கட்டளை தட்டும் டெர்மினலில் 'timedatectl set-local-rtc 1' என்று ஒருமுறை தட்டினால் தீரும். 8 மணி இல்லாமல், அணைத்து எழுப்பும்போதெல்லாம் பழைய ஏதோ ஓர் ஆண்டுக்குப் போய்விடுகிறது என்றால் அது வேறு: உள்ளே உள்ள பேட்டரி செத்துவிட்டது, பெரும்பாலும் சிஆர்2032. அது செத்தால் பயாஸில் நீங்கள் மாற்றியவையும் மறந்து போகும்.

தமிழ் படிக்க ஒன்றும் செய்ய வேண்டாம். தட்டச்சுக்குக் கீபோர்டு அமைப்பில் லேஅவுட் பகுதியில் தமிழ்நெட் 99 சேர்த்தால் போதும். கல்வி அமைச்சின் டெலிமா தளம், கூகல் கிளாஸ்ரூம் எல்லாம் உலாவியில் வழக்கம் போல் திறக்கின்றன. பழைய யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்த தமிழ்க் கேள்வித்தாள்கள் மட்டும் லிப்ரே ஆபீஸில் ஆங்கிலக் கிறுக்கலாக வரும். வின்டோஸின் ஃபான்ட்ஸ் அடைவிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை நகலெடுத்து மின்ட்டில் இரட்டைக் கிளிக் செய்தால் நிறுவிக்கொள்ளும்.

அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் 'எஃப்12, லெகசி, வெறும் பெயர்' என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கணினியின் அடியில் ஒட்டியிருக்கிறேன். பென்டிரைவையும் அழிக்காமல் சார்ஜர் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன், மகள் இரண்டு முறை பாட்டு ஏற்றக் கேட்டாள், கொடுக்கவில்லை.